சம்பந்தியின் நாவலும் நீ கொடுத்த டைரியும்

கொடைக்கானல்,
1963 டிசம்பர், ஞாயிற்றுக்கிழமை.

பழனி அடிவாரத்தில் விபூதிக் கடை வைத்திருக்கும் என் தம்பி குருநாதனுக்கு அக்காள் கந்தம்மாள் ஆசி சொல்லி எழுதுவது. முருகன் கிருபையால் நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள். இங்கும் யாவரும் சுகம் என்று எழுதுவதுதான் மரியாதை. உன் புண்ணியத்தில் அப்படி எழுதக் கை வரவில்லை.

போன தை மாதம் இங்கே வந்தபோது ஒரு டைரியை என் கையில் திணித்து, "அக்கா, இந்த வருசம் படிக்கிற புத்தகத்தையெல்லாம் இதுல எழுதி வையி. பேரு, என்னைக்கு முடிச்ச, மனசுல என்ன பட்டுச்சு, அம்புட்டுதான்" என்று சொல்லிவிட்டு நீ பாட்டுக்குப் பஸ் ஏறிப் போய்விட்டாய். அதுவரை நான் நிம்மதியாகப் படித்துக்கொண்டிருந்தவள். படிப்பகத்தில் எடுத்த துப்பறியும் கதையையே ஆறு மாதம் கழித்து மறுபடி எடுத்து வந்து, கொலைகாரன் யாரென்று தெரியாமல் புதிதாகத் திடுக்கிடுவேன். டைரி வந்ததும் அந்தச் சுகம் போயிற்று. காலிப் பக்கம் கண்ணை உறுத்துகிறதே என்று கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். உன் மச்சான் நடத்தும் மண்டிக்கு வந்த பூச்சி மருந்து டப்பாவோடு இருந்த சிறு புத்தகத்தைக்கூட விடவில்லை. 'சொல்ல வந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறது. முடிவில் பூச்சிகள் எல்லாம் சாகின்றன. நம்பும்படி இருக்கிறது' என்று அதற்கும் எழுதினேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததும் அன்றைக்குத்தான்.

இதோடு போயிருந்தால் நான் உனக்குக் கடிதம் எழுத மாட்டேன். நம் வள்ளிக்குப் பூம்பாறையிலிருந்து சம்பந்தம் வந்தது உனக்குத் தெரியும். பையன் பொன்னுவேல் தங்கமான பிள்ளை, வள்ளிக்கும் பிடித்துவிட்டது. பையனின் அப்பா திருமலைச்சாமி பூண்டு விவசாயி. ஆனால் மனிதர் பூண்டோடு நிற்கவில்லை. 'பூண்டுக்காட்டுப் பூங்கோதை' என்று ஒரு நாவல் எழுதி மதுரையில் அச்சடித்து வைத்திருக்கிறார். பெண் பார்க்க வந்த அன்றே வெற்றிலைத் தட்டோடு அதையும் வைத்து நீட்டினார். படித்தேன். வழியில் பார்த்தபோது "ரொம்ப நல்லாருக்குங்க" என்று வாயால் சொன்னேன். டைரியில் மனதில் பட்டதை எழுதினேன். நீ அப்படித்தானே எழுதச் சொன்னாய்?

போன வாரம் பூ வைக்க வந்தார்கள். பூக்கூடை, பழத்தட்டு, பதினைந்து பேர். கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்த உன் மச்சானுக்குத் திடீரென்று பெருமை பொங்கிவிட்டது. "எங்க வீட்டுல புத்தகம்னா உசுருங்க. உங்க புத்தகத்தைப் பத்திக்கூட எழுதி வச்சிருக்கா, கேளுங்க" என்று நான் தடுப்பதற்குள் டைரியை எடுத்து வந்து சபையில் உரக்கப் படிக்கத் தொடங்கிவிட்டார். அவர் எழுத்துக் கூட்டிப் படிப்பவர். அர்த்தம் அவருக்கு எட்டுவதற்குள் கேட்டவர்கள் எல்லோருக்கும் எட்டிவிட்டது.

'முதல் அறுபது பக்கமும் மழை. நனையாதவள் நான் ஒருத்திதான். நடுவில் பூங்கோதை குளிர்க்காய்ச்சலில் செத்துப்போனாள், அழுதேன். நாலைந்து அத்தியாயம் தள்ளி அடுப்படியில் பருப்புக் கடைந்துகொண்டிருக்கிறாள். நான் அழுத அழுகையை யாரிடம் திருப்பிக் கேட்பது?'

முதலில் சிரித்தது யார் தெரியுமா? அவர் சம்சாரம் ராக்காயி. "நான் அப்பவே சொன்னேன், கேட்டாகளா?" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். திருமலைச்சாமி மெல்லிய குரலில், "செத்த பெறகு வர்றது கனவுங்க" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "கனவுன்னு எங்கயும் எழுதலையேங்க" என்று சொல்லிவிட்டேன். உன் மச்சான் நிலைமையைச் சமாளிப்பதாக நினைத்து, "இந்தா, அடுத்த பக்கத்துல நல்லாருக்குன்னு எழுதியிருக்கா" என்று பூச்சி மருந்தைப் படித்தார். "இது யாரு எழுதுனதுங்க?" என்று கேட்டார் சம்பந்தி. துண்டை உதறித் தோளில் போட்டு, டைரியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். பூக்கூடையும் பின்னாலேயே போய்விட்டது.

"மனசுல பட்டதை மனசுலயே வச்சிருக்கக் கூடாதாடி?" என்று உன் மச்சான் கத்தினார். சபையில் படித்தது அவர், திட்டு எனக்கு. வள்ளி, "ஒரு கதைக்காக என் கல்யாணத்தைக் கெடுத்துட்டியேம்மா" என்று அழுதுவிட்டு, அன்றிலிருந்து என் கையால் சோறு வாங்குவதில்லை. குழந்தை முகத்தைப் பார்க்க முடியவில்லை, தம்பி. அந்தப் பாழாய்ப்போன கதையை நன்றாக இருக்கிறது என்று எழுதித் தொலைத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

இன்று காலை பூம்பாறை பஸ்ஸில் கண்டக்டர் ஒரு மூட்டையை இறக்கிக் கொடுத்தார். பூண்டு என்று நினைத்து அவிழ்த்தால் கட்டுக்கட்டாகக் காகிதம். நாவலின் இரண்டாம் பாகம், கையெழுத்தில். மேலே ஒரு சீட்டு: 'சம்பந்தியம்மாவுக்கு வணக்கம். டைரியை முழுக்கப் படித்தேன். இதையும் தாங்கள் படித்து, மனதில் பட்டதை மறைக்காமல் எழுதி அனுப்பவும். பிறகு கல்யாண நாள் பேசலாம்.'

இப்போது நான் என்ன செய்ய? உள்ளதை எழுதினால் கல்யாணம் நிற்கும். பொய்யாகப் புகழ்ந்தால் கண்டுபிடித்துவிடுவார், என் நிஜமான எழுத்து அவர் கையில் கிடக்கிறது. ஆகவே நீ வியாழக்கிழமை வெள்ளனே புறப்பட்டு வா. நேராகப் பூம்பாறைக்குப் போய், அக்காளுக்குக் கண்ணில் புரை, எழுத்தே தெரியவில்லை என்று சத்தியம் செய். ஆரம்பித்து வைத்தவன் நீ, முடித்து வைப்பதும் உன் பொறுப்பு. அந்த மூட்டையை நான் தொடுவதாக இல்லை.

பிள்ளைகளுக்கு என் முத்தம். மலையாண்டவன் உன்னை நல்லபடி வைக்கட்டும், உன் யோசனைகளை உன்னோடு வைத்துக்கொள்ளும் புத்தியையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்காள் கந்தம்மாள்.

பி.கு.: வியாழக்கிழமை வராதே. கண் நன்றாகத்தான் தெரிகிறது. எப்படித்தான் எழுதியிருக்கிறார் என்று ஒரு தாளைப் புரட்டினேன், இப்போது பாதி மூட்டை முடிந்துவிட்டது. இதில் புதிதாக ஒரு மண்டிக்காரர் பெண்டாட்டி வருகிறாள். யார் என்ன பேசினாலும் ஒரு நொட்டை சொல்வாள், நாலு பேர் முன்னால் வாயை அடக்கத் தெரியாது. எங்கே பார்த்தாரோ, அப்படியே உயிரோடு கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். அவளுக்காகவே நாவல் பிரமாதம் என்று எழுதி, தையிலேயே நாள் குறிக்கச் சொல்லி சாயங்கால பஸ்ஸில் கொடுத்தனுப்பிவிட்டேன். அவளைக் கட்டிக்கொண்ட மனுஷன் எப்படித்தான் காலம் தள்ளுகிறானோ, பாவம். உன் மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். என்றைக்கும் இல்லாமல் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரிக்கிறார். ஏன் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார்.