கோடு போட்ட கார்பன்

தன்னுடைய ஃப்ளோரின் அணுக்கள் வரிக்குதிரை மாதிரி கோடு கோடாக நிற்பதை ஹஸ்னைன் கவனித்தபோது, அந்தப் படம் மேனேஜருக்குப் போய்ச் சேர்ந்து ஒரு நாள் ஆகியிருந்தது.

ஹஸ்னைனின் வேலை எளிது. சொன்னால் யாருக்கும் புரியாது, அவ்வளவுதான். ஓர் அணு கனமே உள்ள கார்பன் தாளைக் கம்ப்யூட்டருக்குள் விரிப்பான். அதன்மேல் தோசைக்குப் பொடி தூவுவதுபோல் ஃப்ளோரின் அணுக்களை அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒட்டுவான். ஓர் ஓரத்தைச் சூடாக்கி, மறு ஓரத்துக்குச் சூடு எப்படிப் போகிறது என்று கணக்கிடுவான். கைப்பேசி கொதிக்காமல் இருக்க அந்தத் தாள் உதவும் என்று டெக்சஸின் பிளானோ நகரத்திலிருந்த அவன் கம்பெனி நம்பியது.

எந்த அணு எங்கே என்று ஒவ்வொரு வரிசைக்கும் புரோகிராம் புதிதாகச் சீட்டுக் குலுக்க வேண்டும். ஹஸ்னைன் எழுதியதோ, முதல் வரிசைக்கு விழுந்த சீட்டையே எல்லா வரிசைக்கும் வாசித்துக்கொண்டிருந்தது. விளைவு, சுங்கச்சாலையில் லேன் பிரித்ததுபோல் நேர்கோடுகள்.

ஃபோன் அடித்தது.

"சூப்பர் நம்பர்ப்பா! சூடு பறக்குது," என்றார் மேனேஜர் அனந்தராமன்.

அவரை ஆங்கிலத்தில் 'அனந்த்' என்றும் தமிழில் 'சார்' என்றும் கூப்பிடுவது ஹஸ்னைனின் வழக்கம். பயந்தால் தமிழ்தான் வரும்.

"சார், அவ்வளவா நம்ப வேணாம் சார். இன்னும் செக் பண்ணணும்."

"பண்ணு. வியாழக்கிழமை ரிவ்யூ. உன் சிமுலேஷனும் லேப் சாம்பிளும் ஒத்துப்போகலைன்னா ப்ராஜெக்டை க்ளோஸ் பண்ணிடுவாங்க, தெரியுமில்ல?"

தெரியும். ப்ராஜெக்ட் போனால் வேலை போகும். வேலை போனால், கம்பெனி போட்ட கிரீன் கார்டு அப்ளிகேஷனும் கூடவே போகும்.

பிழையைத் திருத்தி ஓட்டிப் பார்த்தான். சூடு நொண்டியது. இதை அனுப்பினால் முந்தைய படத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். எனவே ஒரு தந்திரம் செய்தான். பழைய கோட்டுத் தாளையே குறுக்குவாக்கில் சூடாக்கினான். சுமாரான நம்பர் வரும், மேனேஜரின் உற்சாகமும் ஆறிவிடும் என்பது திட்டம். கோடுகளைத் தாண்ட முடியாமல் சூடு அப்படியே நின்றது. நிம்மதியாக அனுப்பினான்.

இரண்டே நிமிடத்தில் ஃபோன்.

"ஒரே தாள், நீளவாக்குல பறக்குது, குறுக்க நிக்குது! பேட்டரி சூடு வெளியே போயிடும், கையில சுடாது. எப்படிப்பா உனக்குத் தோணுச்சு?"

"தானா வந்துச்சு சார்." வாழ்க்கையில் அவன் சொன்ன மிகச் சுத்தமான உண்மை அது.

"வைஸ் பிரசிடென்டையும் ரிவ்யூக்குக் கூப்பிட்டுட்டேன்."

அன்று, பக்கத்து ஊரான இர்விங்கில் இருந்த வீட்டில் மனைவி ஷஹீமா அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னங்க, ரசத்துக்குள்ள என்னத்தத் தேடறீங்க?"

"கிரீன் கார்டை."

முழுக் கதையையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "தப்புன்னு ஒத்துக்கிட்டு வாங்க. வேலைய வேற இடத்துல தேடிக்கலாம். இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வீட்டுல உக்காராதீங்க, குழந்தை இன்ஷா பயப்படறா."

மறுநாள் கடைசி முயற்சியாக லேபுக்குப் போனான். தாளை மெஷினுக்குள் தட்டில் வைத்து ஃப்ளோரின் வாயுவைச் செலுத்துவது நாகரத்தினத்தின் வேலை. வாயு படாத இடத்தில் ஃப்ளோரின் ஒட்டாது. ஆபீசில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் கேக் செய்து வருகிறவர் அவர். சில மாதங்களாக ஏனோ அது நின்றிருந்தது.

"அக்கா, சாம்பிள் எப்படி இருக்கு?"

"இருக்கு."

"பொடி தூவின மாதிரியா?"

"தூவினா தூவின மாதிரிதான இருக்கும்."

"கோடு கீடு ஏதாவது..."

"யார் சொன்னா?" நாகரத்தினம் சட்டென்று மெஷின் கதவை முதுகால் மறைத்துக்கொண்டார்.

"யாரும் சொல்லலக்கா."

"அப்ப சரி. வியாழக்கிழமை பாத்துக்கலாம்."

வியாழக்கிழமை வைஸ் பிரசிடென்ட் முன்னால் ஹஸ்னைன் எழுந்து நின்றான். "சார், அந்தக் கோடெல்லாம் என் புரோகிராம் பிழை சார்," என்று தமிழில் ஒத்துக்கொண்டான். அவர் டெக்சஸ்காரர், புன்னகைத்தார். மறுபடி ஆங்கிலத்தில் ஒத்துக்கொண்டான். புன்னகை நின்றது.

அனந்தராமன் குழம்பிப்போய்த் திரையைக் காட்டினார். "பிழைன்னா, அப்ப இது என்னப்பா?"

லேப் சாம்பிளின் படம். கோடு கோடாக இருந்தது. வெப்பக் கேமராவில் சிவப்பு நிறம் கோட்டோடு ஓடியது, குறுக்கே நின்றது. ஹஸ்னைனின் கோடுகள் அணு அளவு, லேபின் கோடுகள் விரல் அளவு. சூடு அந்த வித்தியாசத்தைப் பெரிதுபடுத்தவில்லை.

வைஸ் பிரசிடென்ட் எழுந்து நின்று கை தட்டினார். ப்ராஜெக்ட் இன்னும் இரண்டு வருடம் ஓடும் என்றார். அந்தப் பிழையை யாரும் திருத்தக் கூடாது என்று எழுத்து மூலம் உத்தரவும் போட்டார். தன் முட்டாள்தனத்துக்கு இவ்வளவு பாதுகாப்புக் கிடைத்த மனிதன் டெக்சஸில் தான் ஒருவன்தான் என்று ஹஸ்னைனுக்குத் தோன்றியது. ஷஹீமாவுக்கு ஃபோன் செய்தான். "நல்ல ரசமா வை. இன்னிக்கு குடிக்கறேன்."

பார்க்கிங்கில் நாகரத்தினம் கார் கதவைத் திறந்துகொண்டிருந்தார். ஹஸ்னைன் ஓடினான்.

"அக்கா, என் கோடு என் பிழை. உங்க கோடு எப்படி வந்துச்சு? இன்னிக்காவது நேரா சொல்லுங்க."

நாகரத்தினம் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மெஷின் தட்ட நான் கீழ போட்டு உடைச்சு அஞ்சு மாசமாச்சு தம்பி, உள்ள இருக்கறது எங்க வீட்டுல கேக் ஆற வைக்கிற கம்பித் தட்டு."