போணிக்கு வந்த வெள்ளரிக்காரர்

பானைக்காரர் வெள்ளரிக்காரருக்குத் தரவேண்டிய பாக்கி ஆயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். சூளைக்கு விறகு இறக்கிய அன்று கையில் காசில்லாமல் வாங்கியது. அடுத்த சந்தைக்குத் தருகிறேன் என்றார். எந்தச் சந்தைக்கு அடுத்த சந்தை என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

இப்போது கேட்டுத்தான் ஆகவேண்டும். தோட்டத்து மோட்டார் எரிந்துபோய், கம்பிச்சுருள் மாற்றிக் கட்டுகிற கடையில் கிடந்தது. கூலியை வைத்தால்தான் மோட்டாரைத் தூக்கவிடுவான். அதுவரை வெள்ளரிக்கொடிக்குப் புருஷனும் பெண்டாட்டியும் வாய்க்காலில் மொண்டு மொண்டு ஊற்றினார்கள். தோள்பட்டை இரண்டும் தனியாகக் கழன்று படுக்கப் போய்விடும்போல இருந்தது.

"கேட்டீங்களா?" என்றாள் மனைவி, சந்தை முடிந்து வந்தவரிடம்.

"கேக்கத்தான் போனேன்."

"அப்ப கையில என்ன?"

"பானை."

அவள் பானையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். இரண்டும் ஒரே மாதிரி வாயைத் திறந்துகொண்டு நின்றன.

நடந்தது இதுதான். அந்தச் சந்தையில் போணி ஆகாத கடையில் பாக்கி கேட்கக்கூடாது. முதல் வியாபாரத்துக்கு முன்னால் கடன் பேச்சு எடுத்தால் அன்று முழுக்கக் கடை விளங்காது என்பார்கள். கீரைக்கும் காய்க்கும் விடிந்ததும் போணி ஆகிவிடும். பானை வாங்க யார் விடியற்காலையில் தூக்கம் கெட்டு ஓடி வருகிறார்கள்? பானைக்காரருக்கு முதல் காசு விழ உச்சிவெயில் ஆகும். அதற்குள் வெள்ளரிக்காரர் ஏறவேண்டிய வண்டி போய்விடும்.

அதனால் அவர் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தார். தானே ஒரு சின்னப் பானை வாங்கி, போணி பண்ணிவிட்டு, கையோடு கேட்டுவிடலாம் என்று.

காசைக் கொடுத்தார். வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து இரண்டு பெண்கள் வந்து நாலு பானை எடுத்தார்கள். பின்னாலேயே ஒருவர் பூச்செடி வைக்க ஒரு டஜன் தொட்டி கேட்டார். கூட்டத்துக்கு நடுவில் ஒரு மனுஷனைக் கடன்காரனாக நிறுத்த மனசு வரவில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டு திரும்பினார்.

அடுத்த சந்தையில் பானைக்காரர் தூரத்திலேயே எழுந்து நின்றுவிட்டார்.

"வாங்கண்ணே. உங்க கைக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன். விடியறப்பவே ஒருத்தர் வந்து கேட்டாரு, இன்னும் போணி ஆகலை, அப்புறம் வாங்கன்னு அனுப்பிட்டேன்."

வந்த வியாபாரத்தைத் தனக்காகத் திருப்பி அனுப்பினவரிடம் என்ன கேட்பது? இன்னொரு பானை வாங்கினார். கூட்டம் வந்தது. பானைக்காரரின் மனைவி பின்னால் உட்கார்ந்து பானை பொதிய வைக்கோல் உருவி உருவி எடுத்துக் கொடுத்தாள். அந்த அம்மாள் வாய் திறந்து பேசி யாரும் கேட்டதில்லை.

ராசி என்பது காய்ச்சல் மாதிரி, பக்கத்துக் கடைக்கும் பரவும். மூன்றாவது சந்தையில் துடைப்பக்காரர் கையைப் பிடித்தார். "பானையத் தொட்ட கை துடைப்பத்தத் தொடாதா? நாங்க என்ன பாவம் பண்ணினோம்?" பாய் முடைகிறவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். தேன் விற்கிறவன் பாட்டிலை அவர் பையிலேயே போட்டுவிட்டான். ராசிக்கை என்று பெயரும் வைத்துவிட்டார்கள். காய் விற்ற காசு ராசிக்கையில் மட்டும் தங்கவில்லை.

"வீட்டுல இருக்கறது ரெண்டு பேரு," என்றாள் மனைவி, இப்படியே இன்னும் சில சந்தைகள் கழிந்ததும். "துடைப்பம் அஞ்சு. ஆளுக்கு ரெண்டு கையாலயும் பெருக்கினாக்கூட ஒண்ணு மிச்சம்."

அடுத்த முறை, எல்லோருக்கும் போணி ஆகட்டும் என்று வேண்டுமென்றே நேரம் கழித்துப் போனார். போனால் கைத்தொழில் வரிசை முழுக்க ஒரு சாமான் விற்காமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "இவ்வளவு பேரு பொழப்பு உங்க கையில இருக்கு, நீங்க அசந்து தூங்கினா எப்படி?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டு, பாயும் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார்.

அதற்கடுத்து, வலது கையில் துணியைச் சுற்றிக்கொண்டு போனார். சுளுக்கு என்றார்.

"ஐயோ பாவம்," என்றார் பானைக்காரர். "பரவால்லண்ணே, இடது கையாலயே குடுங்க."

"உங்களால ஆகாது. நான் போறேன்," என்று மனைவி இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு கிளம்பினாள். சாயங்காலம், சந்தையில் இருந்ததிலேயே பெரிய தண்ணீர்ச் சாடியை வீட்டு வாசலில் வண்டியிலிருந்து இருவர் பிடித்து இறக்கினார்கள். அவர் சாடியை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தார்.

"அந்தாளு முகத்தைப் பாத்தா கேக்க வரலைங்க," என்றாள் அவளே.

மொண்ட தண்ணீர் கொடிக்கே போதவில்லை, சாடியில் ஊற்ற ஏது? கொடியில் இலை சுருள ஆரம்பித்திருந்தது. மோட்டார் கடைக்காரன் ஆள் விட்டிருந்தான்: இந்த வாரம் எடுக்காவிட்டால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவானாம்.

மறுசந்தை விடிந்ததும் வெள்ளரிக்காரர் நேராகப் பானைக்கடை முன்னால் போய் நின்றார்.  

"இன்னிக்கு நான் வாங்க வரலை. போணி ஆனா என்ன, ஆகாட்டி என்ன. என் காசு ஆயிரத்து முந்நூத்து நாப்பது எனக்கு வேணும். மோட்டார் கடையில கிடக்கு. கொடி சாகுது."

 துடைப்பக்காரர் தட்டிக்கொண்டிருந்த துடைப்பத்தை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். போணிக்கு முன்னால் பாக்கி கேட்ட மனுஷனை அந்தச் சந்தை பார்த்ததில்லை.

பானைக்காரர் கோபிக்கவில்லை. தலையை ஆட்டினார்.

"நியாயந்தாண்ணே. நானும் இந்தச் சந்தைக்குத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். போன வாரந்தான் முழுசாச் சேந்துது. உக்காருங்க, டீ சொல்லிட்டு வரேன்."

அவர் போனதும், அவர் மனைவி சாடிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து நீட்டினாள். எண்ணினார். ஆயிரத்து முந்நூற்று நாற்பது. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

வெள்ளரிக்காரர் முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு கவிழ்த்து வைத்த தொட்டியின் மேல் உட்கார்ந்தார். மத்தியானத்துக்குள் மோட்டாரை இறக்கிவிடலாம். இன்று ராத்திரி தோள் படுக்கும். இப்படிப்பட்ட நாணயஸ்தனிடமா நாலுபேர் நடுவில் தொண்டையைத் திறந்தோம் என்று கூச்சமாக இருந்தது. ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும்போலத் தோன்றியது.

"பாக்கியைக் கழிச்சிட்டேன்னு அவர்கிட்ட சொல்லிடும்மா. மனசுல ஒண்ணும் வச்சுக்க வேணாம்னு சொல்லு. இந்தக் கஷ்டத்துல இவ்வளவு எப்படித்தான் சேத்தீங்களோ, வயித்தைக் கட்டி வாயைக் கட்டி."

அந்த அம்மாள் முதல்தடவையாக வாய் திறந்தாள்.

"வயித்தை எதுக்குண்ணே கட்டணும்? இது பூரா வாராவாரம் நீங்களும் அண்ணியும் போணிக்குக் குடுத்த நோட்டுதான். ராசிக்காசைச் செலவழிக்கக் கூடாதுன்னு ஒண்ணைக்கூட மாத்தாம அப்படியே முடிஞ்சு வச்சிருந்தாரு."