ராணியை நாடு கடத்தினேன்

அலர்ஜி என்றால் நாலு காலும் ஒரு வாலுமாகத்தான் வீட்டுக்குள் வரும் என்று நம்பிய மேதை நான்.

என் மனைவி மேரிக்குக் காலையில் கண் விழித்ததும் தும்மல். ஒன்று கிளம்பினால் பின்னாலேயே ஊர்வலம் வரும். ஒரு மழைக்காலத்தில் அது இளைப்பாக மாறவும் எனக்குக் கை கால் ஓடவில்லை. வில்லியனூரில் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன்.

"வீட்ல தூசி, பூஞ்சை, பிராணி முடி எல்லாத்தையும் குறைக்கணும். படுக்கிற ரூம்ல ஈரமான பழைய சாமான் ஏதாவது இருக்கா?"

"சேச்சே! நம்ம வூடு கண்ணாடி மாதிரி டாக்டர்."

(பிராணி முடி என்றதுமே என் காது மூடிக்கொண்டது. குற்றவாளி கிடைத்தாயிற்றே!)

குற்றவாளி பெயர் ராணி. மகள் ஜெனி ஆசையாக வளர்க்கும் பூனை. எந்நேரமும் எங்கள் கட்டிலடியில்தான் கிடக்கும். வேறென்ன சாட்சி வேண்டும்?

"அது வர்றதுக்கு முன்னாடியே அம்மா தும்முச்சேப்பா!" என்று அழுதாள் ஜெனி.

"வரப்போவுதுன்னு தெரிஞ்சு தும்மியிருக்கும்" என்றேன்.

காய்கறிக் கூடையில் ராணியை வைத்து, மேலே துண்டைக் கட்டி, பைக்கில் குருவிநத்தம் போனேன். வழிநெடுக அது போட்ட கூச்சலில் டீக்கடை பெஞ்செல்லாம் என்னைப் பிள்ளை பிடிக்கிறவனைப் போலப் பார்த்தது. அங்கே மேரியின் தம்பி கூடையை வாங்கிக்கொண்டு, "இன்னா மாமா, எங்க அக்காவ வுட்டுட்டுப் பூனைய வாழாவெட்டி ஆக்கிட்ட?" என்றான்.

ஜெனி என்னோடு பேச்சை நிறுத்தினாள். மேரி தும்மலை நிறுத்தவில்லை.

பதறிப்போய் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஒட்டடை அடித்தேன். பரணில் சும்மா கிடந்த தூசியெல்லாம் மேரியின் மூக்கை விசாரித்துக்கொண்டு வந்தது. மிச்சமிருப்பதும் ஒழியட்டும் என்று சாம்பிராணி போட்டேன். வீடே மேகத்துக்குள் போய்விட்டது. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"யோவ்... கொல்றதுன்னா... நேரா கொல்லுய்யா!"

ஆட்டோ பிடித்து ஓடினோம். மூக்கில் மாஸ்க்கோடு மருந்துப் புகையை இழுத்துக்கொண்டிருந்த மேரி, அதைக் கொஞ்சம் தூக்கிவிட்டு, "டாக்டர், வீட்ல குறைக்கணும்னீங்களே, இவர மொதல்ல குறைக்கணும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்தபோது, ஈரத்துணியால் வீட்டைத் துடைத்து முடித்திருந்த ஜெனி கட்டிலடியைக் காட்டினாள். "அப்பா, இது இன்னா?"

என் சாக்கு மூட்டை! வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் குடிலில் நான் பரப்பும் வைக்கோல். சாமியார் தீர்த்தம் தெளித்தது. குப்பையில் போட மனசு வருமா, காலில் மிதிபட விடலாமா? அதனால் ஒவ்வொரு வருஷத்தையும் பத்திரமாகத் திணித்து, சரியாக மேரியின் தலைமாட்டுக்குக் கீழே வைத்திருந்தேன். சுவர் ஈரத்தில் கறுப்பாய்ப் பூஞ்சை பூத்து, நடுவில் ஓர் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. பாவம் ராணி, அந்த எலிக்குத்தான் காவல் கிடந்திருக்கிறது.

இப்போதும் டிசம்பர் வந்தால் மச்சான் போன் செய்வான்: "மாமா, வைக்கோல் வேணுமா, பூனை வேணுமா?"

நடந்தது இவ்வளவுதான். மூட்டையை அன்றைக்கே முருங்கை மரத்தடியில் புதைத்தேன். மேரிக்குத் தும்மலும் இளைப்பும் நின்றன. ராணியை அதே கூடையில் திருப்பிக் கொண்டுவந்தேன். அது மேரியின் காலடியில்தான் தூங்குகிறது.