ஞாயிற்றுக்கிழமைப் படை

டீச்சர் இணையத்தில் ஏலம் விட்ட முதல் பெட்டிச் சிப்பாய்களை ஒருவரும் சீந்தவில்லை.

"என்னம்மா எழுதி வச்சிருக்க?" என்று மகள் போனில் கேட்டாள்.

"உள்ளதைத்தான். 'பொம்மைச் சிப்பாய்கள். பழையவை. தூசி தட்டப்பட்டவை.'"

"படிச்சா நமக்கே வாங்கத் தோணலையே. அப்பா கையால பெயிண்ட் அடிச்சதுன்னு ஒரு வரி போடு."

டீச்சருக்கு அலங்காரமாக எழுதுவது பிடிக்காது. பணியில் இருந்த காலமெல்லாம் அடுத்தவர் எழுதியதில் சிவப்பு மையால் சுழித்தவர். ஓய்வு பெற்ற பிறகு சுழிப்பதற்கு வீட்டில் கணவர் ஒருவர்தான் மிச்சம் இருந்தார். போன வருடம் அவரும் போய்ச் சேர்ந்தார். போகும்போது கட்டைவிரல் உயரத்தில் ஒரு பெரும் படையை மனைவியின் தலையில் கட்டிவிட்டுப் போனார். கூடத்தில் தொடங்கிப் படுக்கையறை வரை கண்ணாடி அலமாரிகள். அவற்றில் குதிரைவீரர்கள், பீரங்கிக்காரர்கள், முரசு அடிப்பவர்கள். அடுத்த மாதம் டீச்சர் வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு போய் இருக்கப்போகிறார். மகள் வீட்டில் ஓர் அறை காத்திருந்தது. படைக்கு அங்கே இடமில்லை என்று மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

கணவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் சங்கம். காலையில் சாப்பிட்ட கையோடு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். சிப்பாய்ப் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டுகிறவர்கள் அங்கே கூடுவார்களாம். வீட்டிலேயே தீட்டலாம்தான். ஆனால் பெயிண்டில் கலக்கிற டர்பன்டைன் வாசனை டீச்சருக்கு ஆகாது. இருட்டிய பிறகு, காகிதத்தில் சுற்றிய ஒரு சிப்பாயோடு திரும்புவார்.

"நாள் பூரா உட்கார்ந்து ஒண்ணே ஒண்ணுதானா?" என்பார் டீச்சர்.

"மீசை கஷ்டம்" என்பார் அவர்.

மகள் சொன்னபடி டீச்சர் அந்த ஒரு வரியைச் சேர்த்தார். சாயங்காலத்துக்குள் ஏலம் சூடு பிடித்து, பெட்டி நல்ல விலைக்குப் போயிற்று. எடுத்தவர் 'படைத்தலைவன்' என்ற புனைபெயர்க்காரர். பெட்டி கைக்குப் போன அன்றே அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. எந்தத் தூரிகை, எந்தப் பெயிண்ட் என்று கேட்டிருந்தார்.

டீச்சர் அதிலிருந்த எழுத்துப் பிழைகளைத் திருத்தி, 'மெல்லிய தூரிகை' என்று பதில் அனுப்பினார்.

படைத்தலைவனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "பிழை திருத்தறது இருக்கட்டும். முரசுக்காரங்க ரெண்டு பேருக்கும் மூக்குல ஒரே இடத்துல ஒரே அளவுல புள்ளி இருக்கு. கையால தீட்டினா அப்படி வருமா?"

"அவர் கை அவ்வளவு நிதானம்" என்று டீச்சர் எழுதினார். எழுதியதைப் படித்துப் பார்த்தபோது அவருக்கே சற்று ஆச்சரியமாக இருந்தது. உயிரோடு இருந்த காலத்தில் அந்த நிதானத்துக்கு டீச்சர் வைத்திருந்த பெயர் 'மந்தம்'.

அடுத்த பெட்டிக்கு வாயடைக்கிற மாதிரி எழுதவேண்டும் என்று உட்கார்ந்தார். 'ஒற்றை மயிர்த் தூரிகையால், மூச்சை அடக்கி, ஒவ்வொரு புருவமாகத் தீட்டிய பொறுமைசாலி' என்று விளம்பரம் வந்தது. அதற்கடுத்த பெட்டியில் கணவர் கலைஞரானார். அதற்கும் அடுத்ததில் மேதை. முப்பது வருடக் குடித்தனத்தில் சொல்லாத நல்ல வார்த்தைகளை எல்லாம் டீச்சர் ஏல விளம்பரத்தில் சொல்லித் தீர்த்தார். சொல்லச் சொல்ல அவை உண்மை என்றே பட்டது.

மேதை என்றதும் ஆளாளுக்குப் புகைப்படம் கேட்டார்கள். அவர் வர்ணம் தீட்டுகிற படம் ஒன்றாவது வேண்டுமாம். டீச்சர் ஆல்பங்களைக் குடைந்து, கணவர் கையில் பிரஷ்ஷோடு நிற்கும் ஒரே ஒரு படத்தைக் கண்டுபிடித்துப் போட்டார்.

படைத்தலைவன் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டார்.

"அம்மா, அது ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற பிரஷ். அதால சிப்பாய்க்கு மீசை வரைஞ்சா குதிரைக்கும் சேர்த்து மீசை வந்துடும்."

ஊரெல்லாம் சிரித்தது. மகள் போனில் கெஞ்சினாள். "எதுக்கும்மா மல்லுக்கட்டற? பணத்தைத் திருப்பிக் குடு. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுதிடு."

"தெரியாதா? கூடவே குடித்தனம் பண்ணினவளுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?"

டீச்சர் படைத்தலைவனுக்கு நீளமாக ஒரு கண்டனம் எழுதி, எல்லாரும் பார்க்கிற இடத்தில் போட்டார். அதற்கு வந்த பதில்கள் இன்னும் நீளமாக இருந்தன. கடைசியில் ஏல நிறுவனமே தலையிட்டு எல்லாப் பெட்டிகளையும் நிறுத்தி வைத்தது. கைவேலைதான் என்று விவரம் தெரிந்த வியாபாரி ஒருவர் எழுதித் தரவேண்டும், இல்லாவிட்டால் போலிச் சரக்கு என்று அறிவிப்போம் என்றது.

போலி என்ற சொல் டீச்சரைக் குத்திக் கிழித்தது. அலமாரியிலிருந்து ஒரு குதிரைவீரனை எடுத்து, பூதக்கண்ணாடியில் முதன்முதலாகப் பார்த்தார். எள்ளளவு முகத்தில் இமை, புருவம், உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு. கண் மங்கிய வயதில் இதைப் போய் எப்படித் தீட்டினார்? புதுக் கண்ணாடி வேண்டும் என்று அவர் கேட்டபோது, ஊரைச் சுற்றுகிறவருக்கு எதற்குக் கண்ணாடி என்று கேட்டது நினைவுக்கு வந்தது. பொம்மையை மூக்கருகே வைத்து முகர்ந்தார். வாசனையே இல்லை. இதற்காகவா மனிதரை வாரா வாரம் வீட்டை விட்டு அனுப்பினோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

மகளுக்குப் போன் போட்டார். "நான் எதையும் விக்கப்போறதில்ல. அந்த அறையில அப்பாவோட படை இருக்கட்டும். நான் சோபாவுல படுத்துக்கறேன்."

"அம்மா, விளையாடறியா?"

"முதல்ல அவர் பேரைக் காப்பாத்திட்டு வரேன்."

குதிரைவீரனின் அடியில் ஒரு பொம்மைக்கடையின் சீட்டு ஒட்டியிருந்தது. டீச்சர் மறுநாளே ஒரு பெட்டிச் சிப்பாய்களோடு அங்கே போனார். ஒடுக்கமான கடை. சுவரெல்லாம் கண்ணாடி அடுக்குகள், ஓரத்தில் மின்விசிறிக்குக் கீழே ஒரு மர பெஞ்சு. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்த கடைக்காரர் எழுந்து நின்றார்.

"இதெல்லாம் உங்க கடையில வெறும் பொம்மையா வாங்கி, என் கணவர் ஞாயித்துக்கிழமையெல்லாம் சங்கத்துல உட்கார்ந்து பெயிண்ட் அடிச்சது. அப்படின்னு ஒரு சான்றிதழ் வேணும். பிழையில்லாம எழுதிக் குடுங்க."

கடைக்காரர் ஒரு சிப்பாயை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு டீச்சரைப் பார்த்தார். "உட்காருங்கம்மா" என்று பெஞ்சைக் காட்டினார்.

டீச்சர் உட்கார்ந்து, ஜன்னல் பிரஷ் புகைப்படத்தை நீட்டினார். "இவர்தான் அந்தக் கலைஞர். போன வருஷம் தவறிட்டார்."

"இவரா? போயிட்டாரா? ரொம்ப நாளா காணோமேன்னு நினைச்சேன்." கடைக்காரர் நெற்றிக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். "அம்மா, இதெல்லாம் தொழிற்சாலையிலேர்ந்து பெயிண்ட்டோடதான் வரும். சங்கம்னு ஒண்ணு இருக்கறதா நான் கேள்விப்பட்டதில்ல."

"அப்ப அத்தனை ஞாயித்துக்கிழமையும் அவர் என்னதான் பண்ணினார்?"

"ஒண்ணும் பண்ண மாட்டார்மா, அந்த பெஞ்சுலதான் நாள் பூரா நிம்மதியா உட்கார்ந்திருப்பார், இருட்டினதும், 'வீட்ல காட்டணும், ஏதாவது ஒண்ணு குடுப்பா'ன்னு வாங்கிட்டுப் போவார்."