கைரேகை அண்ணாச்சியும் டெல்லிக் கையுறையும்

அறுபதுகளில் பம்பாயில் இருந்த ஜோசியர்கள் எல்லோரும் சேர்ந்து பார்த்த கைகளைவிட, டிராம்பே பக்கம் எங்கள் தொழிற்சாலையின் ஸ்டோர் கீப்பர் பார்த்த கைகள் அதிகம். கைரேகை அண்ணாச்சி என்றுதான் அவருக்குப் பெயர். உண்மையான பெயர், அலுவலக டைப்பிஸ்டான எனக்காவது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் வருகைப் பதிவேட்டிலேயே யாரோ பென்சிலால் 'கைரேகை' என்று எழுதி வைத்திருந்தார்கள்.

எண்ணெய் டாங்கிகள் வெல்டிங் செய்யும் தொழிற்சாலை அது. புதிதாக ஒருவன் வேலைக்குச் சேர்ந்தால், அண்ணாச்சி அவன் கையைப் பிடித்துப் பழுப்புக் காகிதத்தின் மேல் விரித்து, பென்சிலால் விரல் விரலாகச் சுற்றி வரைவார். கையுறைக்கு அளவெடுக்கிறார் என்று வந்தவனுக்குத் தெரியாது.

"அண்ணாச்சி, எனக்குக் கல்யாணம் எப்பம் நடக்கும்?"

"அஞ்சு வெரலும் மிச்சமிருந்தா நடக்கும். கைய ஆட்டாதலே."

அவர் குடியிருந்தது தாராவியில். கையுறையும் ஏப்ரனும் தைக்கிற தோல் பட்டறைகள் அவர் வீட்டைச் சுற்றித்தான். அங்கே தைத்துத் தரும் எந்த மாதிரி உடையும் அவர் உடம்பில் ஒரு வாரம் குடியிருந்த பிறகுதான் தொழிற்சாலைக்குள் வரும். செம்பூரில் நடந்த என் அக்கா கல்யாணத்துக்கு, வேட்டி சட்டைக்கு மேல் முழங்கால் வரை தோல் ஏப்ரன் கட்டிக்கொண்டு வந்து பந்தியில் உட்கார்ந்தார். தோல் வாசனைக்குப் பயந்து இரண்டு பக்கமும் நாலு நாலு இலை காலியாகக் கிடந்தது.

"என்ன அண்ணாச்சி இது?" என்று பல்லைக் கடித்தேன்.

"குனிஞ்சு நிமுந்தா தையல் விடுதான்னு பாக்கணும்லா தம்பி? இங்கன பாயசம் ரெண்டு தடவ வருது. நல்லா குனியலாம்."

இப்படிப்பட்டவரோடுதான் டெல்லி மோதியது. தொழிலாளர்களின் பாதுகாப்பு உடைகளுக்கு நாடு முழுக்க ஒரே தரம் வேண்டும் என்று ஒரு வரைவு அச்சாகி, கருத்துக் கேட்டு எங்களுக்கும் வந்தது. எங்கள் மேனேஜர் மாதுங்காக்காரர். அச்சில் வந்த எதையும் வேதமாக நினைப்பவர். கருத்து எதுவும் சொல்லாமல், வரைவில் கண்ட அளவுப்படி அறுபது ஜோடி கையுறை தைக்கச் சொல்லி வாங்கியே விட்டார்.

அண்ணாச்சிக்கு ஆங்கிலம் வராது. நான்தான் வரைவைப் படித்துச் சொன்னேன். கையுறையின் தையல் உள்பக்கம் இருக்க வேண்டும் என்றேன். தலையாட்டினார். ஏப்ரனில் பை கூடாது, நெருப்புப் பொறி விழுந்து தங்கிவிடும் என்றேன். "எத்தன பைய நான் கத்திரியால வெட்டியிருக்கேன்! இப்பம்தான் டெல்லிக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார். கையுறையின் விரல் நீளம் வந்ததும் முகம் மாறிவிட்டது.

"இது யாரு கைல அளந்தது?"

"அதெல்லாம் போடலையே அண்ணாச்சி."

"யாரா இருந்தாலும் நம்ம ஷாப்புல வேல பாக்கவன் இல்ல. அர இஞ்சு கூடக் கெடக்கு."

விரல் நுனி தொங்கினால் பிடி நழுவும், இரும்பைத் தேய்க்கும் கிரைண்டர் சக்கரத்தில் மாட்டினால் கையுறையோடு விரலும் போகும் என்பது அவர் கட்சி. அறுபது ஜோடியையும் ஸ்டோருக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். மறுநாள் மேனேஜரே ஸ்டோருக்கு வந்தார்.

"அச்சடிச்ச புஸ்தகத்துல போட்டிருக்கு ஓய்! நீர் என்ன டெல்லியைவிடப் பெரியவரா? இப்பவே எல்லாருக்கும் கொடும். இல்லேன்னா சாவியை வெச்சுட்டுப் போயிண்டே இரும்."

வேலையை நிறுத்திவிட்டு வெல்டிங் ஷாப்பே ஸ்டோர் வாசலில் கூடியது. இன்னொரு இடத்தில் வேலை கேட்டுப் போகிற வயதில்லை அண்ணாச்சிக்கு. அவரோ நிதானமாக மடியிலிருந்து சாவியை எடுத்து மேஜை நடுவில் வைத்தார். பக்கத்தில் ஒரு ஜோடி டெல்லிக் கையுறையையும் வைத்தார்.

"எடுத்துக்கிடுங்க சார். ஆனா இத மாட்டிக்கிட்டு எடுங்க."

ரோஷக்காரர் மேனேஜர், உடனே மாட்டிக்கொண்டார். சாவியைத் தொட்டதும் விரல் நுனிகள் மடங்கின. சாவி வழுக்கிக்கொண்டு போனது. துரத்தினார். இரண்டு கையாலும் அள்ளப் பார்த்தார். கடைசியில் மேஜை ஓரத்துக்குத் தள்ளத் தொடங்கினார்.

"அது செல்லாது சார். டாங்கி மேல ஏறி நிக்கவனுக்கு மேஜை ஓரம் எங்கன இருக்கு?"

சாவி தரையில் விழுந்தது. "ரெஹ்னே தோ சாப்!" என்று, விட்டுவிடச் சொல்லிப் பின்னாலிருந்து இந்தியில் ஒரு குரல் வர, கூட்டம் சிரித்தது. மேனேஜர் கையுறையைக் கழற்றிவிட்டுத் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிடிவாதக்காரர்தான், ஆனால் நேர்மையானவர். குனிந்து சாவியை எடுத்து அண்ணாச்சியிடம் நீட்டினார்.

"எத்தனை பேர் கையை வரைஞ்சு வெச்சிருக்கீர்?"

"வந்தவன் போனவன் எல்லாம் சேத்து எறநூத்திப் பதிமூணு சார்."

அன்று மத்தியானமே டெல்லிக்குக் கடிதம் அடித்தேன். 'தாழ்மையுடன் தெரிவிக்கிறோம்' என்று ஆங்கிலத்தில் தொடங்கியிருந்ததை அண்ணாச்சிக்கு விளக்கினேன். "தாழ்மைய எடு தம்பி. அளவுல என்ன தாழ்மை?" என்றார். எடுத்தேன். மேனேஜர் கையெழுத்துப் போட்டார்.

சில மாதங்கள் கழித்து முடிவான புத்தகம் வந்தது. கையுறைக்கு ஒரே அளவு இருந்த இடத்தில் மூன்று அளவுகள். மேனேஜர் அதை ஷாப் நடுவில் நின்று உரக்கப் படித்தார். நான் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினேன்.

"உங்க பேரே இல்லையே அண்ணாச்சி!"

"பேரு என்னத்துக்கு? வெரலு சரியா இருக்குல்லா? பரவால்ல, டெல்லிக்காரன் சொன்னா கேக்கான்."

கடிதத்தோடு போனவை இருநூற்றுப் பதினாலு கைகள். உறையை ஒட்டப் போகும்போது என் கையைப் பிடித்து இழுத்து அதையும் வரைந்தார். டைப்பிஸ்டுக்கு எதற்குக் கையுறை என்று சிரித்தேன். "நீயும் நம்ம ஷாப்பு ஆளுதான" என்றார், பென்சிலை நிறுத்தாமல். அந்தப் புத்தகத்தின் அளவுகளில் என் கையும் இருக்கிறது என்ற கர்வம் எனக்கு இன்றும் உண்டு. பெற்றவர்களுக்குப் பிறகு என் விரல்களைப் பற்றிக் கவலைப்பட்ட மனிதர் அவர் ஒருவர்தான்.