ஐயாவுக்காகப் பின்வாங்கிய யானைகள்

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் பெரிய கள்ளம் செய்திருக்கிறேன். அதையும் குறிப்பெழுதி வைத்துச் செய்தேன். அகப்பட்டதே அந்தக் குறிப்பால்தான்.

யுத்த காலம். செங்கலடிச் சந்திக்குப் பக்கத்தில் ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வயது இருபத்து மூன்று. அங்கே ஐந்து கணினிகள், அவற்றில் மூன்று வேலை செய்யும். அந்த மூன்றும் வேலை செய்ய ஜெனரேற்றர் ஓட வேண்டும், அது ஓட டீசல் வேண்டும், டீசலுக்கு அனுமதிக் கடிதம் வேண்டும். (மின்சாரம் எங்கே என்று கேட்பவர்கள் அந்த நாட்களில் எங்கள் பக்கம் இருந்திருக்க மாட்டார்கள்.)

கொழும்பிலிருந்து வந்த மச்சாள் ஒருத்தி ஓர் இறுவட்டுத் தந்தாள். அதில் முறை வைத்து ஆடும் போர் விளையாட்டு ஒன்று. சதுரங்கம் மாதிரி நாம் நம் ஆட்களை நகர்த்தி முடித்தால்தான் எதிரியின் முறை வரும். சுடுவதற்கு முன், இலக்கில் பட நூற்றுக்கு எத்தனை வீதம் வாய்ப்பு என்று திரை சொல்லும். சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் விளையாடுவேன். கட்டடத்துக்குள்ளிருந்து வெடிச்சத்தம் கேட்டால், வந்து பார்ப்பவர்களுக்கு அது விளையாட்டு என்று விளங்கப்படுத்த நேரம் கிடைக்குமோ தெரியாது.

தொண்ணூறு வீதம் என்று காட்டும். சுடுவேன். தவறும். கணினி கள்ளம் செய்கிறது என்று தீர்மானித்தேன். வேறு யாரும் என்றால் நாலு வார்த்தை திட்டிவிட்டு எழும்பியிருப்பார்கள். நான் ஒரு கொப்பியில் கோடு போட்டு முந்நூறு சூடுகளைப் பதிந்தேன். முடிவு எனக்குத்தான் வெட்கம். கடினமான நிலையில் கணினி துளியும் பொய் சொல்லவில்லை. பத்தில் ஒன்று தவற வேண்டும், தவறியிருந்தது. பட்ட ஒன்பதையும் நான் மறந்திருந்தேன். பொய் இருந்தது லேசான நிலையில். அறுபது வீதம் என்று காட்டிவிட்டு எண்பது வீதம் போலப் பட வைத்தது. எனக்குத் தெரியாமல் எனக்கே உதவி. தோற்றதைவிட அதுதான் எரிச்சலாக இருந்தது.

ஆகவே நானே ஓர் ஆட்டம் எழுதினேன். துவக்குப் பிடித்த உருவங்கள் வேண்டாம் என்று யானைகளைப் போட்டேன். உன்னிச்சைப் பக்கத்து வயல்வெளி ஒன்று, நாங்கள் வட்டை என்போம், அதைப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு கட்டமாக்கினேன். மேல் வரிசையில் ஐந்து யானைகள், கீழே நான்கு காவல்காரர். தகரம் தட்டியோ பந்தம் காட்டியோ, வேளாமையை, அதாவது நெற்பயிரை, மிதிக்கவிடாமல் யானைகளைக் கலைத்து விரட்ட வேண்டும். கொப்பியின் முதல் பக்கத்தில் என் கொள்கைகளை எழுதினேன். ஒன்று, எந்த வாய்ப்பையும் ஒளிக்கக் கூடாது. இரண்டு, ஆளுக்கொரு சட்டம் கூடாது. மூன்று, முதலிரண்டையும் ஒருபோதும் மாற்றக் கூடாது. (மூன்றாவதை எழுதியவள் எத்தனை பெரிய மடைச்சி என்பது மூன்று கிழமையில் தெரிந்தது.)

அந்த மாதக் கடைசியில் பிள்ளைகளுக்குப் பரீட்சை. கையிலிருந்த டீசல் ஒரு கிழமைக்குத்தான் காணும். கடிதம் கிடைக்காவிட்டால் பதினேழு பேரும் கணினியைத் தொடாமலே பரீட்சைக்குப் போக வேண்டும். ஏறாவூரிலிருந்து வந்து படித்த மாணவி பரீனாவின் வாப்பா, இந்த முறை எழுதாவிட்டால் படிப்புப் போதும் என்று சொல்லியிருந்தார். நிலையத்தை நடத்திய சேர் ஒரு கண்காட்சி வைத்து, கடிதத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரியைப் பிரதம விருந்தினராக அழைத்தார். எல்லாரும் அவரை ஐயா என்பார்கள்.

சேர் என்னிடம் வந்தார். "புள்ள, அந்த யானை விளையாட்ட ஐயாவுக்குக் காட்டுவம். ஆனா அவர் தோக்கக் கூடா."

"அது என்ட கையில இல்ல சேர்."

"அப்ப ஆர்ட கையில? நீங்கதானே எழுதின?"

கண்காட்சி அன்று மத்தியானம், எல்லாரும் சோடனையில் இருந்த நேரம், ஒரு வரி சேர்த்தேன். ஐயாவின் இலக்குத் தவறும் ஒவ்வொரு முறையும் யானைகளின் துணிவு ஒன்றால் குறையும். எத்தனை துணிவோ, அத்தனை கட்டம்தான் யானை நடக்கும். என்னிடம் ஒன்பது அம்சச் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்று எப்போதும் இருக்கும். அன்று எட்டைப் பார்த்தேன்.

ஐயா வந்தார். மெலிந்த மனிதர். சட்டைப் பையில் இரண்டு பேனை. பெற்றோர் எல்லாரும் சுற்றி நின்றார்கள், என் அம்மாவும்தான். ஐயா தகரம் தட்டினார், தவறியது. பந்தம் காட்டினார், தவறியது. நான் பார்த்தவர்களிலேயே அத்தனை துரதிர்ஷ்டசாலி வேறு இல்லை. யானைகளின் துணிவு மூன்று, இரண்டு, ஒன்று, பூச்சியம் என்று இறங்கி, அதற்குக் கீழும் போனது. பூச்சியத்துக்குக் கீழே போனால் என்ன நடக்கும் என்பதுதான் நான் பார்க்காத ஒன்பதாவது அம்சம்.

ஐந்து யானைகளும் வாலை முன்னால் விட்டுப் பின்பக்கமாக நடக்கத் தொடங்கின.

கூட்டம் கைதட்டியது. ஐயா மட்டும் தட்டவில்லை. தான் தவறவிட்ட பிறகும் யானை ஏன் போகிறது என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் முதல் யானை மேல் எல்லையைத் தாண்டி, இல்லாத பதின்மூன்றாவது வரிசையில் காலை வைத்தது. ஆட்டம் நின்றது. நிரல் முழுவதும் திரையில் விரிந்தது. பிழையான வரிக்கு மஞ்சள் நிறம்.

பிழை வந்தால் முதலில் அந்த வரியைச் சத்தமாக வாசிக்க வேண்டும் என்பது வகுப்பில் என் முதலாம் விதி. பரீனா என் கெட்டிக்கார மாணவி. மஞ்சள் வரியோடு, அதன் மேலே ஆங்கில எழுத்தில் எனக்கே நான் தட்டி வைத்திருந்த தமிழ்க் குறிப்பையும் அவள் பின்வரிசைக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

"ஐயா லேசு. ஐயா தோற்கக் கூடாது. யானையின் துணிவைக் குறை. கட்டாயம் பிறகு அழிக்கவும்."

சேர் கூரையைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். என் முகத்தில் எதுவும் தெரியாது என்பார்கள். அன்றும் தெரிந்திருக்காது.

"ஐயா எண்டா ஆரு, நானா?" என்றார் அவர்.

"ஓம் ஐயா."

"அப்ப அந்த வரிய எடுங்க புள்ள. மறுகா விளையாடுவம்."

எடுத்தேன். விளையாடினார், தோற்றார். இன்னொரு முறை தோற்றார். ஆட்டத்தில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை என்று நான் கொப்பியைக் காட்டி விளக்கத் தொடங்கினேன்.

"அது தெரியுது. ஒண்டும் ஒளிக்கல்ல. ஆனா வெல்லவும் ஏலாதே? நீங்க எத்தின தரம் வெண்ட?"

ஒரு தரமும் இல்லை. அந்த நிமிடம் வரை அதை நான் ஒரு குறையாகவே எண்ணவில்லை. கடினம் என்றுதான் எழுதி வைத்திருந்தேன்.

பரீனாவுக்கு இன்னும் வாசிப்பு வேகம் அடங்கவில்லை. "மிஸ், யானை எங்கால போற? நாலு பக்கமும் அடைச்சித்தானே வச்சிரிக்கிங்க. கலைச்சா அது திரும்பி வேளாமைக்குள்ளதான் வரும்."

நாலு பக்கமும் அடைத்துவிட்டு, தப்பிக்க எத்தனை வீதம் என்று நேர்மையாகக் காட்டியிருக்கிறேன். அதற்கு நான் வைத்த பெயர் நியாயம். அந்த அறையில் நின்ற எவரும் அவள் சொன்னதற்கு விளக்கம் கேட்கவில்லை.

ஐயா எழும்பினார். "இப்ப சொல்லுங்க, கடிதத்தில நான் கையெழுத்து வைக்க எத்தின வீதம்?"

"பத்து, ஐயா," என்றேன். உண்மையில் இரண்டு என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன்.

அவர் பேனைகளுக்குப் பின்னாலிருந்து மடித்த கடிதமொன்றை எடுத்துச் சேரிடம் கொடுத்தார். காலையில் அலுவலகத்திலேயே கையெழுத்து வைத்து, முத்திரையும் குத்திக் கொண்டு வந்திருந்தார்.

"நூறு," என்றார். "நீங்க கேக்கல்ல, நானும் சொல்லல்ல."

பதினேழு பேரும் பரீட்சை எழுதினார்கள். பரீனா எனக்குப் பிறகு அந்த வகுப்பை எடுத்தாள். நான் மேல் வரிசையில் மூன்று கட்டத்தைக் காட்டுக்குத் திறந்துவிட்டேன். அதன் பிறகும் ஆட்டம் கடினம்தான், ஆனால் பத்துத் தரத்தில் நாலு தரம் வெல்லலாம். (பதிந்து வைத்திருக்கிறேன்.) இப்போது மற்றவர்கள் எழுதும் நிரல்களில் பிழை பிடிப்பதுதான் என் தொழில். ஒன்பதாவது அம்சத்தை முதலில் பார்ப்பேன்.

வீட்டில் மட்டும் அந்த வரி இன்னும் அழியவில்லை. போன கிழமை தம்பி வந்திருந்தான். அம்மா சட்டியைக் கிளறி, இருந்ததிலேயே பெரிய நண்டை அவன் சோற்றுக் கோப்பையில் வைத்தார். நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"என்ன பாக்கிற? ஐயா லேசு," என்றார்.

அம்மாவின் முறை என்னுடையதைவிட நேர்மையானது. எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டுத்தான் செய்கிறார்.