மாதிரி நோயாளி

ஒன்பது நாளாக என் போனை எடுக்காத அன்பு அக்காவுக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இத்தனை நாள் விடாமல் கோபப்படுவதற்கு உடம்பில் தெம்பு வேண்டுமே. அத்தானுக்கு என் வணக்கம். உன் மாமியாருக்கு மட்டும் இந்தக் கடிதம் வந்ததே தெரிய வேண்டாம்.

முதலிலிருந்து சொல்கிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அத்தானின் பல் மருத்துவமனையில் ஒரே நேரத்துக்கு மூன்று பேரை வரச்சொல்லி நோட்டில் எழுதிக் குழம்பிக்கொண்டிருந்தபோது, "ஊர்ல இருக்கிற கம்பெனிக்கெல்லாம் புத்தி சொல்றே, நம்ம ஆஸ்பத்திரிக்கு ஒரு புரோகிராம் எழுதித் தரக்கூடாதா?" என்று கேட்டது நீ. மற்ற நேரத்தில் 'தங்கச்சி கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றா' என்று சொல்லிக்கொண்டு திரிபவளும் நீதான். ரிப்பேர் இல்லை அக்கா. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு அதை ஒழுங்காக எழுதும் முறையைச் சொல்லித் தருகிறேன். இரண்டு பேர் ஒரே திரைக்கு முன்னால் உட்கார வேண்டும். ஒருவர் எழுத, மற்றவர் அங்கேயே திருத்த வேண்டும். எழுதியதைப் பூட்டி வைக்காமல் உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவிட வேண்டும்; யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தி அனுப்பலாம், திருத்தம் சரியாக இருந்தால் ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், புரோகிராம் எங்கே உடையும் என்று பார்ப்பதற்குச் சோதனைகளை எழுதிவிட வேண்டும். சோதனைக்கு ஒரு மாதிரி நோயாளி வேண்டும். சாதுவான ஆள் உதவாது. நேரம் வாங்கி, மாற்றி, ரத்து செய்து, அந்த ரத்தையும் ரத்து செய்து, புதன்கிழமைக்குச் செவ்வாயன்றே வந்து நின்று "நீங்கதான் கிழமையை மாத்திட்டீங்க" என்று வாதாடுகிற ஒருவரை அது தாங்கிவிட்டால், வேறு யாரையும் தாங்கும். அப்படி ஒருவரைத்தான் எனக்குத் தெரியும்.

ஆகவே பெயர் என்ற இடத்தில் 'அக்காவின் மாமியார்' என்று எழுதினேன். குறிப்பு என்ற இடத்தில், 'வீட்டில் திறந்த வாயை மூடமாட்டார், நாற்காலியில் மூடிய வாயைத் திறக்கமாட்டார். காரணம்: பிடிவாதம்' என்று எழுதினேன். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து, மாற்றாமலே உலகத்துக்குத் திறந்துவிட்டேன். 'நாலு பேர் பார்த்தால் கூசும்படி எதையும் எழுதாதீர்கள்' என்று அதே வாரம் ஒரு மேடையில் பேசிக் கைதட்டும் வாங்கினேன்.

இரண்டு வருடம் ஒன்றும் ஆகவில்லை. போன செவ்வாய்க்கு முந்தின செவ்வாய், வரவேற்பில் இருக்கும் பெண் புதுக் கம்ப்யூட்டரில் புரோகிராமை ஏற்றிவிட்டு மாதிரி நோயாளியை அழிக்க மறந்துவிட்டாள். காத்திருக்கும் அறையின் டிவியில் 'அடுத்தவர்' என்று போட்டு, கீழே உன் மாமியார், குறிப்போடு. ஏழு நோயாளிகள் வலியை மறந்து சிரித்தார்களாம். அத்தான் கையுறையோடு ஓடிவந்து அவசரத்தில் வேறு ஒயரைப் பிடுங்க, உள்ளே ஒருவருக்குப் பாதிப் பல்லில் மிஷின் நின்றுபோயிற்று. அந்த அறையிலேயே மூன்றாவது நாற்காலியில் அத்தை, உன் மாமியாரேதான். கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போயிருந்ததால் நாம் தப்பித்தோம்.

அன்று மாலையே அவரை அழித்துவிட்டேன், அக்கா. அழித்தால் நாற்பத்து மூன்று சோதனைகளும் ஒன்றாகப் படுத்துவிட்டன. உன் மாமியார் இல்லாமல் அந்தப் புரோகிராமுக்கு ஒரு நாற்காலி ஒதுக்கத் தெரியவில்லை. சரி, 'நோயாளி ஒன்று' என்று பெயரை மாற்றினேன். மறுநாள், அந்தப் புரோகிராமை இலவசமாக எடுத்துக்கொண்ட ஆஸ்பத்திரிகள் எங்கெங்கிருந்தோ புகார். எங்கள் ஆஸ்பத்திரியில் தினமும் அவர் முகத்தில்தான் விழிப்போம், அவர் எங்கே என்று ஒரு டாக்டர். அந்த அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று ஒரு நர்ஸ்.

அதைப் படித்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இரண்டு வருடமாக அவர் செய்வதையெல்லாம் கவனித்து நாற்பத்து மூன்று சோதனை எழுதியிருக்கிறேன். ஏன் நேரத்தை மாற்றுகிறார் என்று அவரிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. 'காரணம்' என்ற கட்டத்தை நானே நிரப்பிக்கொண்டேன்.

என் வேண்டுதல் ஒன்றுதான். அவருக்குத் தெரியாமல் நாம் இதை மூடிவிடுவோம். நீ என்னோடு பேசு. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல என்னை வீட்டுக்குள் விடு. நீயும் அத்தானும் பல்லும் சொல்லுமாக நீடூழி வாழ வேண்டும்.

உன் தங்கை.

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தால் வாசலில் உன் மாமியார். கண்ணாடியோடு. வந்தவர் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேலே உள்ள அத்தனையையும் படித்து முடித்தார்.

"அன்னிக்கு நான் எங்கேடி தூங்கினேன்? அந்த மிஷின் சத்தத்துக்குப் பயந்து கண்ணை மூடியிருந்தேன். டிவியை அதுக்கு முன்னாடியே படிச்சாச்சு."

"அத்தை, மன்னிச்சுக்கோங்க."

"மன்னிப்பு கிடக்கட்டும். யாரு வேணா திருத்தலாமாமே? பிடிவாதம்னு இருக்கிறதை அடி. பயம்னு போடு. வாயைப் பத்தி எழுதினது சரிதான், அது இருக்கட்டும்."

போட்டேன். அவர் பெயரையும் திரும்ப வைத்தேன். பிறகு, இன்னொரு மாதிரி நோயாளி வேண்டும் என்று அவரே சொல்லச் சொல்ல எழுதினேன்: 'மருமகள். பல் டாக்டரின் மனைவி. கடைவாய்ப் பல்லில் ஆறு மாதமாக வலி. கிராம்பை அடக்கிக்கொண்டு, கணவனுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். காரணம்: மேலே உள்ளதேதான்.' எல்லாச் சோதனையும் தேறிவிட்டது, எனவே ஏற்றுக்கொண்டேன். இதற்குள் நாலு நாட்டுக்குப் போயிருக்கும்.

கடிதத்தை அத்தையே கையோடு கொண்டு வருகிறார். நாளை காலை பத்து மணிக்கு உனக்கும் பத்தரைக்குத் தனக்கும் நேரம் வாங்கியிருக்கிறார். மாற்ற முயற்சி செய்யாதே, அந்த வழிகளையெல்லாம் அவரிடம் கேட்டு அடைத்துவிட்டேன்.